ஏப்ரனைக் கழற்றிய பெண்கள்: முதல் உலகப் போரும் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளும்

1914இல் பிரிட்டனில் ஒரு தொழிலாளி வீட்டுப் பெண் 12, 13 வயதில், மிஞ்சிப் போனால் 14இல், பள்ளியை விட்டு நின்றுவிடுவாள். லங்காஷயர் பக்கம் பிறந்திருந்தால் பஞ்சாலைக்குப் போவாள். மற்ற ஊர்களில் சலவைக்கூடம், தையல் கடை, வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவது என்று ஏதாவது கிடைக்கும். ஆனால் மிக அதிகமானவர்கள் போய்ச் சேர்ந்தது அடுத்தவர் வீட்டு அடுக்களையில். போர் தொடங்கிய நேரத்தில் சுமார் 16.5 லட்சம் பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள் என்கிறது அரசின் கணக்கு. அந்த நாட்டில் பெண்கள் செய்த வேலைகளிலேயே பெரியது அதுதான்.

அந்த வேலையில் ஒரு நாள் இப்படிப் போகும். விடிவதற்கு முன் எழுந்து கணப்பில் இருக்கும் சாம்பலை அள்ள வேண்டும். அதன் இரும்புக்குக் கறுப்பு மெருகு தேய்க்க வேண்டும். மாடிக்கு வெந்நீர் சுமக்க வேண்டும், முன்வாசல் படியை மண்டியிட்டுத் தேய்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி. ராத்திரி எஜமானர்கள் தூங்கும்வரை மணி அடித்தால் ஓட வேண்டும். வாரத்தில் அரை நாள் விடுப்பு. அவளைப் பார்க்க ஓர் இளைஞன் பின்வாசலுக்கு வந்துவிட்டால் வேலை போய்விடும். சில வீடுகளில் பெற்றோர் வைத்த பெயர்கூட அவளுக்கு மிஞ்சாது. எஜமானிக்கு வாயில் சுலபமாக வரும் ‘மேரி’ என்ற பெயரில்தான் வருகிற பெண்களை எல்லாம் கூப்பிடுவார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம் என்று நினைக்கிறேன். ‘முதல் உலகப் போரில்தான் பெண்கள் வீட்டை விட்டு வேலைக்கு வந்தார்கள்’ என்று திரும்பத் திரும்பப் படிக்கிறோம். வசதியான குடும்பத்துப் பெண்களுக்கு அது பொருந்தலாம். உழைக்கும் குடும்பத்துப் பெண்கள் எந்தக் காலத்திலும் வேலையில்தான் இருந்தார்கள். போர் அவர்களை ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற்றியது, நாலு வருஷம் கழித்துப் பழைய இடத்துக்கே திரும்பிப் போகச் சொன்னது. கூடுதல் சம்பளம் கைவிட்டுப் போனது, எந்திரம் பறிபோனது, ஓட்டும் அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது வரவில்லை. ஆனாலும் அந்த நாலு வருஷம் ஒன்றை விட்டுவிட்டுப் போனது. ஏப்ரனைத் திரும்பக் கட்டச் சொன்னபோது ‘முடியாது’ என்று சொல்லும் மனசுதான் அது.

போர் தொடங்கியதும் பெண்களுக்கு வேலை குவியவில்லை. முதலில் இருந்த வேலையும் போனது. 1914 ஆகஸ்டுக்குப் பிறகு பணக்காரக் குடும்பங்கள் புது உடை தைப்பதை நிறுத்தின, பஞ்சு வரத்து தடுமாறியது, தையல்காரிகளும் ஆலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக அரசி மேரியின் பெயரில் ஒரு நிதி திரட்டி, தையல் கூடங்கள் திறந்தார்கள். மணிக்கு 3 பென்ஸ், வாரத்துக்கு 10 ஷில்லிங்குக்கு மேல் இல்லை. (அப்போதைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன்.) லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்த சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் இதை அரசியின் பெயரில் நடக்கும் கூலிச்சுரண்டல் என்று வெளிப்படையாகவே திட்டினார்.

நிலைமை திரும்பியது 1915 மே மாதம். பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் பீரங்கிகளுக்குக் குண்டு போதவில்லை என்ற செய்தி லண்டன் பத்திரிகைகளில் வெடித்தது, அரசு ஆட்டம் கண்டது. ஜூன் மாதம் வெடிமருந்துக்கென்றே ஒரு தனி அமைச்சகம் பிறந்தது. அதன் அமைச்சர் லாய்ட் ஜார்ஜ். ஆண்களை லட்சக்கணக்கில் போர்முனைக்கு அனுப்பிக்கொண்டே குண்டு உற்பத்தியைப் பல மடங்கு பெருக்க வேண்டும். பெண்களைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஜூலை 17 அன்று பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டத்தின் தலைவி, சில்வியாவின் தாய் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையில் சுமார் 30,000 பெண்கள் ‘எங்களுக்கும் வேலை கொடு’ என்று லண்டனில் ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலத்துக்குப் பணம் கொடுத்தது அரசு. ஓட்டுரிமை கேட்டதற்காக ஜெயிலில் அடைத்த பெண்ணோடு அதே அரசு கைகோத்தது, அவ்வளவு அவசரம்.

வழியில் ஒரு தடை இருந்தது. எந்திரத் தொழிலில் பல வருஷம் பயிற்சி எடுத்த ஆண்களின் சங்கங்கள், குறைந்த கூலிக்குப் பெண்களை இறக்கித் தங்கள் கூலியையும் குறைத்துவிடுவார்கள் என்று பயந்தன. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, முதலாளிகள் அதைத்தான் செய்வார்கள். அதனால் 1915 மார்ச்சிலேயே அரசு சங்கங்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. ஒரு தேர்ந்த ஆள் செய்த வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பெண்களிடம் கொடுக்கலாம், ஆனால் போர் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். பெண்கள் ஆலைக்குள் வருவதற்கு முன்பே அவர்களை வெளியே அனுப்பும் வாக்குறுதி எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த மேஜையில் அவர்கள் சார்பாக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

வாசலில் நடக்கும் சோதனை

குண்டுக்குள் மருந்து அடைக்கும் ஆலைக்கு முதல் நாள் போகும் பெண் முதலில் உடை மாற்றும் அறைக்குள் போவாள். அங்கே தரையின் குறுக்கே ஒரு தடுப்பு இருக்கும். இந்தப் பக்கம் ‘அழுக்கு’, அந்தப் பக்கம் ‘சுத்தம்’. இந்தப் பக்கம் தன் செருப்பையும் உடையையும் கழற்றிவிட வேண்டும். உலோகம் எதுவும் அந்தத் தடுப்பைத் தாண்டக் கூடாது. கொண்டை ஊசி, கொக்கி, ஊக்கு, கம்பி வைத்த உள்ளாடை எல்லாம் வெளியே. கல்லில் இரும்பு உரசி ஒரு பொறி கிளம்பினால் கட்டடமே இருக்காது. தீக்குச்சி வைத்திருக்கிறாளா என்று பெண் போலீஸ் சோதிப்பார்கள். பையில் ஒரு தீக்குச்சியை மறந்து வைத்துவிட்டு வந்ததற்காக ஜெயிலுக்குப் போன பெண்கள் உண்டு. கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதன் மேல் நூலைச் சுற்றிச் சுற்றி மூடிக்கொண்டு போவார்கள். அந்த நூல் சுற்றிய மோதிரம்தான் எனக்கு இந்த வரலாற்றில் மனசை விட்டுப் போகாத பொருள்.

தடுப்பைத் தாண்டினால் அளவு தைத்த அங்கி, தலைமுடி முழுவதையும் மூடும் குல்லாய், ஆணி வைக்காத காலணி. பல ஆலைகளில் கால்சட்டையும் உண்டு. காலம் முழுக்கத் தரையைக் கூட்டும் பாவாடையில் நடந்தவர்களுக்குக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க நின்றது என்ன அனுபவமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்த உடையோடு குழுவாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றும் கிடைக்கும் அந்தப் படங்களில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேரும் எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஆலை எழுந்தது. அங்கே செய்தது கார்டைட், பீரங்கியிலிருந்து குண்டை வெளியே தள்ளும் மருந்து. (நீலகிரியில் அருவங்காடு ஆலையைப் பிரிட்டிஷார் கட்டியதும் இதே கார்டைட்டுக்காகத்தான். குன்னூர்ப் பக்கம் அதை இன்றும் ‘கார்டைட் ஃபேக்டரி’ என்றுதான் சொல்கிறார்கள்.) நைட்ரோகிளிசரினை வெடிபஞ்சில் ஊற்றி, மாவு பிசைவது போலக் கையால் பிசைய வேண்டும். பிசைந்தவர்கள் பெண்கள். 1916இல் அங்கே பார்க்க வந்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் அந்தக் கலவைக்குச் ‘சாத்தானின் கஞ்சி’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1917வாக்கில் ஏறக்குறைய 12,000 பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். கணிசமானவர்கள் வீட்டு வேலையை உதறிவிட்டு வந்தவர்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்காக விடுதிகள், கடைகள், நடனக் கூடம் எல்லாம் வைத்துப் புது ஊரையே கட்டினார்கள்.

மஞ்சள்

டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் குண்டுக்குள் அடைத்தவர்களுக்கு முதலில் கை, அப்புறம் முகம் மஞ்சளாகும். குல்லாயை மீறி வெளியே தெரியும் முன்முடி செம்பட்டையாகும். கழுவினால் போகாது. தூங்கி எழுந்தால் தலையணை உறையில் மஞ்சள் கறை இருக்கும். ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் கேனரிப் பெண்கள், அந்த மஞ்சள் பறவையின் பெயர். கேன்டீனில் அவர்களுக்குத் தனி மேஜை, ஏனென்றால் அவர்கள் தொட்ட இடமெல்லாம் மஞ்சளாகும். ஆலையில் இருந்தபோது கருவுற்ற சிலருக்குப் பிறந்த குழந்தைகளும் மஞ்சளாக இருந்தன. நாளடைவில் அந்த நிறம் மாறியது.

தோலின் நிறம் வெளியே தெரிந்தது. உள்ளே அந்த மருந்து கல்லீரலைத் தின்றது. நச்சு மஞ்சள் காமாலை என்று டாக்டர்கள் எழுதிவைத்த அந்த நோயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். நோய் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. டி.என்.டி. பிரிவில் சில வாரம், வேறு பிரிவில் சில வாரம் என்று ஆளை மாற்றத் தொடங்கினார்கள். குடிக்கப் பால் கொடுத்தார்கள். லீட்ஸ் நகரத்துக்கு வெளியே பார்ன்போ ஆலையில் இதற்கென்றே ஒரு மாட்டுப் பண்ணை நடத்தினார்கள். பால் விஷத்தை முறிக்கும் என்று நம்பினார்கள், முறிக்கவில்லை. ஆனால் தினமும் ஒரு டம்ளர் பால் என்பதே அந்தப் பெண்களில் பலருக்கு அதுவரை வாய்க்காத வசதி.

இந்த வேலையை மறுக்கலாமே என்று தோன்றும். சுலபமில்லை. 1915 ஜூலையில் வந்த சட்டப்படி, முதலாளி ‘விலகல் சான்றிதழ்’ கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் ஆறு வாரத்துக்கு வேறு யாரும் வேலை கொடுக்கக் கூடாது. ஆறு வாரம் சம்பளமில்லாமல் எந்தத் தொழிலாளி வீடு தாங்கும்? தாமதமாக வந்தாலும், மேஸ்திரியை எதிர்த்துப் பேசினாலும் அபராதம் போட வெடிமருந்துத் தீர்ப்பாயங்கள் இருந்தன. 1917 அக்டோபரில்தான் அந்தச் சான்றிதழ் முறை ஒழிந்தது. ‘நாட்டுக்காகத் தாமாக முன்வந்த பெண்கள்’ என்று எழுதும்போது இந்தச் சட்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1916 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை. பார்ன்போவில் அப்போது வேலை பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ராத்திரி ஷிப்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. 42ஆம் எண் அறையில் சுமார் 170 பெண்கள் பீரங்கிக் குண்டுகளுக்கு ஃபியூஸ் பொருத்தி, எந்திரத்தில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணி இருக்கும். ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் அங்கேயே இறந்தார்கள். கழுத்தில் கட்டியிருந்த அடையாளத் தகட்டை வைத்துத்தான் சிலரை யாரென்று சொல்ல முடிந்தது. தரை காய்வதற்கு முன்பே உற்பத்தி மறுபடி தொடங்கியது, அதே அறைக்குள் போகப் பெண்கள் முன்வந்தார்கள். செய்தித்தாளில் ஒரு வரி வரவில்லை, தணிக்கை. ‘விபத்தில் மரணம்’ என்று குடும்பங்கள் கொடுத்த இரங்கல் அறிவிப்புகள் மட்டும் லீட்ஸ் பத்திரிகையில் அடுத்தடுத்து வந்தன. என்ன நடந்தது என்று ஊருக்கு முழுசாகச் சொன்னது போர் முடிந்து ஆறு வருஷம் கழித்து.

அடுத்த மாதமே, 1917 ஜனவரி 19 அன்று லண்டன் சில்வர்டவுனில் டி.என்.டி. ஆலை வெடித்து 73 பேர் இறந்தார்கள். 1918 ஜூலை 1 அன்று நாட்டிங்ஹாம் பக்கம் சில்வெல் ஆலையில் 134 பேர். அதில் 32 உடல்களைத்தான் அடையாளம் காண முடிந்தது.

கையில் வந்த காசு

இவ்வளவு ஆபத்துக்குப் பிறகும் பெண்கள் ஏன் தொடர்ந்து வந்தார்கள்? முதல் காரணம் காசு. 1914இல் தொழிற்சாலைகளில் ஒரு பெண்ணின் சராசரி வாரச் சம்பளம் 13 ஷில்லிங் 6 பென்ஸ். 1918இல் அது 30, 35 ஷில்லிங் வரை போனது. விலைவாசியும் ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்பதைக் கழித்துப் பார்த்தால் லாபம் சிறியது. ஆனாலும் லாபம்தான். ஆண் செய்த வேலையைச் செய்யும் பெண்ணுக்கு வாரம் ஒரு பவுன் என்று 1915 அக்டோபரில் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆணுக்குச் சமமான கூலி பெரும்பாலும் கிடைக்கவில்லை. வேலையைக் கொஞ்சம் மாற்றி அமைத்துவிட்டு, ‘இது இப்போது ஆண் வேலை இல்லை’ என்று முதலாளிகள் தப்பித்தார்கள்.

பத்திரிகைகள் அந்தக் காசைப் பார்த்துப் பதறின. ஆலைக்காரி கம்பளிக் கோட்டு வாங்குகிறாள், பியானோ வாங்குகிறாள், மதுக்கடைக்குப் போகிறாள் என்று எழுதித் தள்ளின. பெரும்பாலோர் வாங்கியது காலணியும் குழந்தைகளுக்கு இறைச்சியும்தான். ஒருத்தி நல்ல கோட்டு வாங்கியிருந்தால்தான் என்ன? பன்னிரண்டு மணி நேரம் விஷத்தில் நின்று சம்பாதித்தது அவளுடைய காசு.

காசுக்கு அடுத்து, கொஞ்சமும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்த மாற்றம் கேன்டீன். பிரிட்டனின் தொழிலாளி வீடுகளில் இறைச்சி கிடைத்தால் அது உழைக்கும் ஆணுக்கு, மிஞ்சினால் குழந்தைகளுக்கு. அம்மா டீயும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொள்வாள். இதை நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பசித்த தொழிலாளி மெதுவாக வேலை செய்கிறாள் என்று கண்டுகொண்ட அரசு, ஆலைகளில் நூற்றுக்கணக்கான கேன்டீன்களைத் திறக்க வைத்தது. உட்கார்ந்து, சூடாக, தன் பங்கை முழுசாகச் சாப்பிடுவது என்பதே பல பெண்களுக்குப் புது அனுபவம். பதினெட்டு வயசுப் பெண்ணைவிட நாலு பிள்ளை பெற்ற தாய்க்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைக் காப்பகங்களும் திறந்தார்கள். தேவைக்கு முன் அது மிகக் குறைவு. பெரும்பாலான தாய்மார்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோதான் குழந்தையை விட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்து துணி துவைத்து, அடுப்பு மூட்டி, ரேஷன் வரிசையில் நின்றார்கள். ஆலை வேலை வீட்டு வேலையைக் குறைக்கவில்லை, அதன் மேல் வந்து ஏறியது. அதை மறைத்துவிட்டு இந்தக் காலத்தைக் கொண்டாடினால் அது பொய்யாகிவிடும்.

மூன்றாவது, சங்கம். 1910இல் கிராட்லி ஹீத்தில் சங்கிலி அடிக்கும் பெண்களின் போராட்டத்தை நடத்தி வென்ற மேரி மக்கார்த்தர் போர்க்காலத்தில் வெடிமருந்து ஆலைகளில் பெண் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டினார். தீர்ப்பாயங்களுக்குப் போய் வாதாடினார், கூலிக்காக அமைச்சகத்தோடு மோதினார். தனித்தனி வீடுகளில் தனியாக இருந்த பணிப்பெண்ணுக்குச் சங்கம் என்பது கனவிலும் வராது. ஓர் அறையில் 170 பேர் நின்றால் பேச்சு தானாக வரும். போர் முடியும்போது சங்கங்களில் இருந்த பெண்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். 1918 ஆகஸ்டில் லண்டன் பஸ், டிராம் பெண் ஊழியர்கள், ஆண்களுக்குக் கொடுத்த 5 ஷில்லிங் போர்ப்படி தங்களுக்கும் வேண்டும் என்று திடீரென வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் வேறு ஊர்களுக்கும் பரவியது, படி கிடைத்தது.

வேலைக்கு நடுவே விளையாட்டும் வந்தது. டீ இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்தை உதைத்துப் பழகிய பெண்கள் அணிகளாகத் திரண்டார்கள். பிரஸ்டனில் ‘டிக், கெர்’ என்ற ஆலையின் பெண்கள் 1917 கிறிஸ்துமஸ் அன்று ஆடிய ஆட்டத்துக்கு 10,000 பேர் வந்தார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்டத்தான் அந்த ஆட்டம். போர் முடிந்தும் அவர்கள் நிறுத்தவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களைப் பார்க்க வந்த கூட்டம் 53,000. உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில். அடுத்த வருஷம் இங்கிலாந்து கால்பந்து சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராது என்று சொல்லித் தன் கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. தடை வந்த தேதி 1921 டிசம்பர் 5. பார்ன்போவில் 35 பெண்கள் செத்து அன்றோடு சரியாக ஐந்து வருஷம். அந்தத் தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது.

‘நன்றி, வீட்டுக்குப் போங்கள்’

1918 பிப்ரவரியில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. வெடிமருந்து ஆலைப் பெண்களின் உழைப்புக்குக் கிடைத்த பரிசு என்று அதை நிறையப் பேர் சொல்வார்கள். சட்டத்தைப் படித்தால் உண்மை தெரியும். 30 வயது ஆகியிருக்க வேண்டும். தன் பெயரிலோ கணவன் பெயரிலோ குறிப்பிட்ட அளவு வீடு, நிலம் இருக்க வேண்டும், அல்லது பட்டதாரியாக இருக்க வேண்டும். சுமார் 84 லட்சம் பெண்களுக்கு அது ஓட்டுக் கொடுத்தது. ஆலைகளில் மஞ்சளாகிப்போனவர்கள் பெரும்பாலும் 18இலிருந்து 25 வயதுக்குள் இருந்த, வாடகை அறையில் தங்கிய பெண்கள். அவர்கள் 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 11 அன்று போர் நின்றது. சில வாரங்களுக்குள் ஆலைகள் மூடத் தொடங்கின. வீட்டுக்குப் போக ரயில் பாஸ், கையில் கொஞ்சம் சம்பளம், அவ்வளவுதான். நவம்பர் 19 அன்று ஆயிரக்கணக்கான ஆலைப் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போய் வேலை கேட்டார்கள். 1919இல் வந்த சட்டம் 1915 மார்ச் வாக்குறுதியை நிறைவேற்றியது. ஆண்கள் விட்டுக்கொடுத்த வேலைகள் அவர்களுக்கே திரும்பின. லேத்தில் நாலு வருஷம் கை பழகிய பெண்ணிடம், அந்த எந்திரம் இனி உன்னுடையது இல்லை என்றார்கள். எந்திரத் தொழிலாளர்களின் பெரிய சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1943இல், அதற்குள் இன்னொரு உலகப் போர் வந்துவிட்டது.

1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 1911இல் இருந்ததைவிடச் சற்றுக் குறைந்தே இருந்தது. இந்த எண்ணை வைத்து ‘எதுவுமே மாறவில்லை’ என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எண்ணோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வேலையிழந்தோர் அலுவலகத்தின் வரிசையில் என்ன நடந்தது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

போர் முடிந்ததும் வேலை போனவர்களுக்குத் தற்காலிக உதவித்தொகை கொடுத்தார்கள். பெண்ணுக்கு முதலில் வாரம் 20 ஷில்லிங், பிறகு 25 ஷில்லிங். ஆணுக்கு அதைவிட 4 ஷில்லிங் அதிகம். 1919 மார்ச்சில் அந்தத் தொகை வாங்கிய பெண்கள் சுமார் 5 லட்சம் பேர். உதவித்தொகை வாங்கும் பெண் ஜன்னலுக்கு வந்ததும் அதிகாரி ஒரு சீட்டை நீட்டுவார், இன்ன தெருவில் இன்ன வீட்டில் பணிப்பெண் வேலை, அங்கேயே தங்க வேண்டும், சம்பளம் இவ்வளவு. பெரும்பாலும் உதவித்தொகையைவிடக் குறைந்த ரொக்கம். மறுத்தால் தொகை நின்றுவிடும். மறுத்தார்கள். தொகை நின்றது. மேல்முறையீட்டுக் குழு முன்னால் போய் நின்று, ‘நான் ஆலைத் தொழிலாளி, எனக்கு ஆலை வேலை வேண்டும்’ என்றார்கள். பத்திரிகைகள் அவர்களை அரசுக் காசில் உல்லாசமாகத் திரியும் சோம்பேறிகள் என்று எழுதின. ஒரு வருஷத்துக்கு முன்பு இதே பெண்களை வீராங்கனைகள் என்று எழுதியவை அவை. அந்த வருஷம் முடிவதற்குள் பெரும்பாலோரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

இங்கே இன்னொரு கண்ணியும் இருந்தது. 1920இல் வேலையின்மைக் காப்பீட்டை விரிவாக்கினார்கள், வீட்டுப் பணிப்பெண்களை அதில் சேர்க்கவில்லை. பணிப்பெண்ணாக உள்ளே போனவள் வெளியே வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. இது தெரிந்துதான் பல பெண்கள் சலவைக்கூடத்துக்கும் கடைகளுக்கும் பிஸ்கட் ஆலைக்கும் அலைந்தார்கள். அந்த வேலையிலும் கூலி குறைவுதான், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலைத் தாண்டினால் அப்புறம் அவளை யாரும் மணியடித்துக் கூப்பிட முடியாது.

எல்லோராலும் மறுக்க முடியவில்லை. வேல்ஸ் சுரங்க ஊர்களிலும் வடக்கே கப்பல் கட்டும் ஊர்களிலும் ஆண்களுக்கே வேலையில்லாமல் போனபோது, மகள்கள் ரயிலேறி லண்டன் வீடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போனார்கள். 1930களில் வீட்டு வேலையில் இருந்த பெண்களின் எண்ணிக்கை மறுபடி ஏறியது. ஆனால் அப்போது அவர்கள் கேட்ட நிபந்தனைகள் வேறு. காலையில் வந்து மாலையில் தன் வீட்டுக்குப் போகும் பகல் வேலை, வாரத்தில் குறிப்பிட்ட மாலைகள் விடுப்பு, தொப்பி போட மாட்டேன் என்ற பேச்சு. எஜமானிகள் இதைத்தான் ‘வேலைக்காரர் பிரச்சினை’ என்று அலுத்துக்கொண்டார்கள்.

அந்த அலுப்பு அரசு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வீடுகளுக்குப் பணிப்பெண்கள் ஏன் கிடைப்பதில்லை என்று விசாரிக்க 1923இல் பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சகம் ஒரு குழுவையே போட்டது. வெளியே வேலையில்லாதவர்கள் வரிசையில் லட்சக்கணக்கில் நின்றுகொண்டிருந்த வருஷம் அது.